பெரட்டு வரிசையில் அடுக்கிய நாவல்

தலைமை தாங்கும் தமிழ் நெஞ்சர் நல்லசாமி அவர்களே, பகாவிலிருந்து பேருந்தேறி வந்த பெரியவர்களே, பால்மரம் வெட்டிய கையால் பக்கம் புரட்டும் தாய்மார்களே, மேடையில் கூச்சத்தோடு குனிந்திருக்கும் நாவலாசிரியர் மதார் மைதீன் அவர்களே, அனைவருக்கும் என் அன்பு!

காலத்தையே கலைத்துப் போட்ட புதுமை நாவல் என்று பேராசிரியர்கள் இவர் நூலைக் கொண்டாடுகிறார்கள். முதல் தாளில் ஒருத்தி சாகிறாள். பத்தாம் தாளில் அவளுக்கே கல்யாணம். கடைசித் தாளில் அவள் பிறக்கிறாள்! இந்த அடுக்கை இவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? லண்டனா? பாரிசா? இல்லை ஐயா, இல்லை! நம் மலாயா ரப்பர்த் தோட்டத்துப் பெரட்டு!

சிரிக்கிறீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

ஜப்பான்காரன் காலம், நாற்பத்து மூன்று. நான் தோட்டப் பள்ளி வாத்தியார். இவருக்குப் பகாவ் பட்டணத்தில் காப்பிக்கடை. பழைய சரக்குச் சீட்டுகளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் எழுதிய நாவல், எழுபத்திரண்டு தாள், வேறு பிரதி கிடையாது. பக்க எண்ணும் கிடையாது. எண் போடும் இடத்தில் இன்னும் அரை வரி எழுதலாமே என்ற சிக்கனம்!

ஒருநாள் சைக்கிளில் பறந்து வந்தார். "வாத்தியாரே, கடைய சோதனை போட வர்றானுவ. எழுத்தக் கண்டா கொளுத்திருவானுவ. மூணு வருச உசிரு இது!"

பக்கத்தில் நின்ற பால்வெட்டுக்காரி பஞ்சாலை சொன்னார்: "ஒரே எடத்துல வெச்சா ஒரேயடியா போயிரும் பாய். வீட்டுக்கு ஒண்ணா குடுங்க லா."

கொடுத்தோம். ஒரு தாள் மரவள்ளி மாவு டின்னுக்குள் போனது. ஒரு தாள் முருகன் படத்துக்குப் பின்னால். ஒன்று தொட்டில் துணிக்கடியில்! ஒளித்ததோடு விட்டார்களா? எழுத்தறிந்தவர் படித்தார், அறியாதவர் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டு நாவல்!

பத்து நாளில் ஆபத்து நீங்கியது. காலையில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுப்பதுதானே பெரட்டு? அந்த வரிசையிலேயே தாளையும் வாங்கி அடுக்கினேன். 'ஒழுங்கு, ஒழுங்கு' என்று பிள்ளைகளை அதட்டுகிற அதே நான்! எழுபத்திரண்டும் வந்து சேர்ந்தன. வாங்கிப் புரட்டிய பாய் அலறினார்.

"கெடுத்தீங்களே வாத்தியாரே! செத்தவ எந்திரிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிறா!"

தாள்களை மாற்றப் போனவரின் கையைத் தடுத்தது பஞ்சாலையின் குரல்.

"இருக்கட்டும் பாய். ஜப்பான்காரன் கடியாரத்தையே தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிட்டான். மணி ஏழுங்குது, வானத்துல நட்சத்திரம் கெடக்குது. சயாம் ரயில் ரோடு போட அவன் புடிச்சிட்டுப் போன எம்புருசன் ஒருநாள் நேத்துப் போன மாதிரி இருக்கு, ஒருநாள் வந்துட்ட மாதிரி இருக்கு. ஒங்க கதை மட்டும் நேரா நடக்கணுமாக்கும்?"

பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்த அடுக்கின் மேலேயே ஒன்று, இரண்டு என்று எழுபத்திரண்டு வரை எண் போட்டார்!

விளங்காத நாவல் என்கிறார்கள் சிலர். யாருக்கு விளங்காது? படிக்காதவருக்கா? அவர்கள் வாழ்ந்த வரிசை ஐயா இது! எழுதியவர் ஒருவர், காத்தவர்கள் எழுபத்திரண்டு வீட்டார், அடுக்கியதும் அவர்களே!

அவள் பிறக்கும் அந்தக் கடைசித் தாள் பஞ்சாலை ஒளித்து வைத்தது. அன்று அவர் பெரட்டுக்குத் தாமதம். கங்காணி திட்டினார், இலக்கியம் வாழ்த்துகிறது!

அதோ, மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிச் சிரிக்கிறார். புதிய பதிப்பின் முதல் பிரதி அவருக்குத்தான். வாங்கம்மா, மேடைக்கு வாங்க! அன்று கடைசியாக நின்றீர்கள். இன்று வரிசையில் நீங்கள்தான் முதல்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வணக்கம்!