மஞ்சள் மருந்தில் பாதி

"மஞ்சள் மருந்துல எனக்குப் பாதி குடுத்தியேக்கா, அதை டாக்டர்கிட்ட சொல்லிடாதே. திட்டுவாரு."

ஆணி குத்திய காலோடு நான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் இரண்டு பெண்கள், கையில் காலி மருந்துப் புட்டிகள். பிள்ளையார்பாளையத்தில் அடுத்தடுத்த வீடு. தேர்ச் சக்கரத்தில் இருவரின் கணவர்களுக்கும் கை நசுங்கியிருந்தது. எந்த மருந்துக்குப் புண் ஆறுகிறது என்று பார்க்க, டாக்டர் மூத்தவள் கணவனுக்கு மஞ்சளும் இளையவள் கணவனுக்கு வெள்ளையும் கொடுத்திருந்தார்.

"எங்களுக்குக் குடுத்தது சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருந்துது. சீழ் நிக்கவே இல்ல. உன்னுது போட்டப்புறந்தான் புண்ணு காஞ்சிக்கினு வருது."

"எங்க வீட்டுக்காரருக்குப் பாதி மருந்துதானே போட்டேன். நாளைக்குக் கையை எடுக்கணுன்றாங்க. இனிமே தறியில எப்படிம்மா உக்காருவாரு?"

மூத்தவள் காலிப் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டாள்.

"உன் வீட்டுக்காரரைப் பாத்துட்டு டாக்டர் இன்னா சொன்னாரு?"

"வெள்ளைதான் நல்ல மருந்துன்னு எழுதிக்கினாருக்கா. இன்னிலேர்ந்து எல்லாருக்கும் அதேதானாம்."

கம்பவுண்டர் வெள்ளை மருந்தில் பஞ்சை நனைத்துக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டார்.