தீக்குச்சி வைத்தியர்

உபைதின் மூன்றாம் தேனீப் பெட்டிக்குள் தீக்குச்சியை விட்டு நான் மெல்ல உருவியபோது, பின்னால் பதினேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கோ மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. இலந்தை பூக்கத் தொடங்கினால் எனக்குச் சளி பிடித்துவிடும்.

உங்களுக்குத் தேனீ பழக்கமில்லை, அதிகாரி. கூட்டில் புழு அழுகும் நோய் வந்தால், அழுகின புழு குச்சியோடு பசை நூலாக நீளும். நீண்டால் எங்கள் தோஆன் பள்ளத்தாக்கில் மறுபேச்சு கிடையாது. அந்த ஆளின் பெட்டிகள் அத்தனையும் குழியில் எரியும். பூ முழுக்க விரியுமுன் எல்லோர் பெட்டியையும் சோதிக்கும் வைத்தியன் நான். பட்டம் நானே கொடுத்துக்கொண்டது; மறுக்க ஆளில்லை.

உபைத் வரும்வரை. அந்தச் சோதனைக்கு முந்தின வாரம் சர்க்கரைப் பொடியில் தேனீக்களைக் குலுக்கி, உதிர்ந்த உண்ணிகளை எண்ணினோம். முந்நூறு தேனீக்கு அவனுடையதில் இரண்டே இரண்டு. என்னுடையதில் ஐந்து என்றேன். அவன் குனிந்து பார்த்தான்.

"முப்பத்தொண்ணு இருக்கு, கரமா மாமா. கண்ணு தெரியலேன்னா பேசாம ஒட்டகத்த எண்ணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

குச்சியில் நூல் ஒரு விரல் நீளம் வந்தது.

"நேத்துகூடப் பாத்தேனே மாமா, சுத்தமா இருந்துச்சு. மத்த அடைச் சட்டத்தயும் மோந்து பாருங்க, நாத்தமே இல்ல."

"எனக்குச் சளிப்பா," என்றேன்.

அந்தியில் தேனீக்கள் அடைந்ததும் நாற்பத்தொரு பெட்டிகளையும் குழியில் இறக்கினோம். கொளுத்தியதும் அதே தீப்பெட்டிதான். எனக்குச் சிக்கனம் பிடிக்கும். ஒரு ராணித் தேனீயையாவது காப்பாற்ற உபைத் உள்ளே குதிப்பான் என்று யார் கண்டது? தூக்கும்போது மார்புவரை வெந்திருந்தான். தீப்புண்ணுக்குத் தேன் மருந்து. என் தேனையே தடவினேன். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தான்.

நோய் எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அன்று விடிந்ததும் என் பெட்டியில் ஒரு சட்டத்தில் குச்சி விட்டுப் பார்த்தேன். நூல் இரண்டு விரல் நீளம். உபைத் நண்பகல் லுஹர் தொழப் போயிருந்த நேரத்தில், அந்தச் சட்டத்தை அவன் மூன்றாம் பெட்டியில் செருகியது நான்தான்.

என் பெட்டிகள் இன்னும் இலந்தை மரத்தடியில்தான் இருக்கின்றன. அவற்றையும் சோதிக்க வேண்டுமென்றால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள். பள்ளத்தாக்கில் நம்பிக்கையான வைத்தியன் வேறு யாரும் இல்லை.