பதினேழாம் கட்டிலின் ஸ்டூல்

தலைமை ஏற்று இந்த அவையை அழகு செய்யும் ஜகந்நாதன் ஐயா அவர்களே, நோயாளியின் பக்கத்தில் உட்காரும் வித்தையை ஆறு மாதம் எங்களுக்குப் பழக்கிய துறவி பந்தேஜி அவர்களே, தாராவியிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் இந்தச் செம்பூர் புத்த விகாரைக்குப் பிள்ளைகளைச் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, தோல் பட்டறை பூமாரியின் பணிவான வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதினேன். அறுபத்தாறு வயதில் எழுத்துக் கற்ற நான் எழுதினேன். நான்கு பக்கம், ஒன்பது நாள். கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள், எனக்கும் தட்டத்தான் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் மாலை நான்கு மணிக்குப் பார்வையாளரை விடுவார்கள். தூக்குவாளி வரும், ஆரஞ்சுப் பழம் வரும், அழுகை வரும், அணைப்பு வரும். பதினேழாம் கட்டிலுக்கு யார் வந்தார்? அதில் கிடந்தவர் ஜெயினுலாப்தீன் பாய், தாராவியில் பை தைத்தவர். மனைவி இல்லை, மக்கள் இல்லை. நான்கு அடித்ததும் பக்கத்துக் கட்டிலார் கேட்பார்கள்: "பாய், உங்களுக்குத்தான் ஆள் வராதே, ஸ்டூலை எடுத்துக்கவா?" கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். ஊரெல்லாம் உறவோடு பேசும் நேரத்தில் ஒரு மனிதர் சுவரோடு பேசினார்.

பந்தேஜியின் பயிற்சியில் அவர் பக்கத்தில் உட்கார என்னை அனுப்பினார்கள். நோயாளி சொன்னதை வீட்டுக்குப் போனபின் நோட்டில் எழுத வேண்டும் என்பது பயிற்சியின் விதி. நானோ அங்கேயே எழுதத் தொடங்கினேன். ஏன்? மனைவி போன பதினோரு வருடத்தில் என் குடிசையில் எனக்குத் துணை என்று வந்தது அந்த நோட்டு ஒன்றுதான்.

பாய் சொன்னார்: "மூச்சு முட்டுதுவே. தனியாவே போயிருவேனோன்னு பயமா இருக்கு."

நான் சொன்னேன்: "கொஞ்சம் மெதுவாச் சொல்லும் பாய், இப்பத்தான் 'மூச்சு' வரைக்கும் எழுதியிருக்கேன்."

"நான் என்ன போலீசுல வாக்குமூலமா கொடுக்கேன்? எந்திரியும். ஸ்டூலை அவங்களுக்கே கொடுத்திரும்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கை என் பக்கம் நீண்டு கிடந்தது. என் கைகளில் என்ன இருந்தது? ஒன்றில் நோட்டு, ஒன்றில் பென்சில்.

மறுநாள் வெறுங்கையோடு போனேன்.

"எழுதலியா?"

"இல்ல பாய்."

"அப்ப என்ன செய்யப் போறீரு?"

"சும்மா இருக்கேன்."

கையைப் பிடித்தேன். 'புத்தம் சரணம்' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அது என் மருந்து, அவர் மருந்து வேறு. அவர் உதட்டுக்குள் கலிமா சொன்னார், நான் காவல் இருந்தேன். பத்தொன்பது நாள் இருந்தேன். இருபதாம் நாள், வார்டு நிறையக் கூட்டம் இருந்த ஐந்து மணிக்கு, என் கையைப் பிடித்தபடியே போனார். தனியாகப் போகவில்லை.

பெரியோர்களே, அந்த வார்டில் இன்று ஆள் வராத கட்டில்கள் இரண்டு. எனக்கு உடம்பு ஒன்று. பௌத்தம் படித்திருக்க வேண்டுமா? வேண்டாம். பேசத் தெரிய வேண்டுமா? வேண்டாம். பக்கத்தில் இருக்கத் தெரிந்தால் போதும். நாளை நான்கு மணிக்கு என்னோடு வருபவர் யார்?

பார்க்கிறேன். பொறுமையாகவே பார்க்கிறேன்.

அதோ, கதவருகே ஒரு கை. அம்மா, நன்றி. இரண்டாவது கட்டில் உங்களுடையது. இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.