சொல்லாமல் வைத்த ஒத்திகை

வகுப்பு நடக்கும் அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போடக் கூடாது, அரைவட்டமாகப் போட வேண்டும். வரிசையாகப் போட்டால் கடைசி வரிசை என்று ஒன்று வந்துவிடும். அது வந்துவிட்டால் அதில் உட்கார ஆட்களும் வந்துவிடுவார்கள். நான் அரைவட்டமாகத்தான் போடுவேன். அவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொள்வார்கள். தையலம்மா இறந்த அன்று என்ன நடந்தது என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். நாற்காலியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அந்தப் பராமரிப்பு இல்லத்தில் நான் பயிற்சியாளர். முதியவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் தங்கியிருக்கும் இடம். அங்கே வேலை பார்க்கிற எல்லோரும், சமையல்காரர் உட்பட, வருஷா வருஷம் கட்டாயப் பயிற்சியை முடித்தாக வேண்டும். கை கழுவுவது, கட்டிலிலிருந்து ஆளைத் தூக்குவது, தீப்பிடித்தால் வெளியேற்றுவது, தொண்டையில் சாப்பாடு அடைத்துக்கொண்டால் எடுப்பது. எல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள். ஆனால் கட்டாயம் என்று சொன்னதுமே மனிதர்கள் உடம்பை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள்.

வேலை முடிந்து வருகிறவர்கள் கொட்டாவியோடு வருவார்கள். விடுமுறை நாளில் வரச் சொல்லப்பட்டவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் பாதிப் பேருக்குப் பாத்ரூம் வந்துவிடும், போனவர்கள் திரும்ப மாட்டார்கள். மேசைக்கு அடியில் போன் ஓடும். கடைசியில் வைக்கும் சின்னத் தேர்வில் எல்லோரும் ஒரே கேள்விக்கு ஒரே தப்பான பதிலை எழுதியிருப்பார்கள்.

என்னிடம் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மை உண்டு. நெஞ்சை அழுத்தவும் முதுகில் தட்டவும் அதில்தான் சொல்லிக்கொடுப்பேன். அவர்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். நான் அதைத் தூக்கிக்கொண்டு நடையில் வந்தால் போதும், "மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணு யாருப்பா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். யாரையாவது முன்னால் வந்து செய்யச் சொன்னால் ஒரே சிரிப்பு. ஒருவர் சாகும்போது என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன், அவர்கள் பொம்மைக்கு மீசை வரையலாமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இதை நான் பல வருஷம் பொறுத்துக்கொண்டேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாரும் பாஸ்தானே சார்? அப்புறம் ஏன் தலையைப் பிச்சுக்கறீங்க?" என்றார். அவருக்குச் சோதனைக்கு அதிகாரிகள் வரும்போது காட்டச் சான்றிதழ்கள் இருந்தால் சரி. வீட்டில் என் மனைவியிடம் புலம்பினேன். நான் அதற்கு முன்தினம்தான் அவள் கை கழுவும் விதத்தைத் திருத்தியிருந்தேன். அவள், "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தா அப்படித்தான். கொஞ்ச நாளைக்கு யாரையும் திருத்தாம இருங்க" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முக்கியமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் வாங்கிக்கொள்ளாமல் நிற்கிறவனுக்கு ஆத்திரம் வராவிட்டால்தான் தப்பு.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பதால் அவளை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவார்கள். கைக்குழந்தைக்காரி. மற்றவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள். அப்படி ஓடுகிறவள் என் வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் தூங்கிவிடுவாள். சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, சுகமான தூக்கம். ஒருநாள் தொண்டை அடைப்புப் பாடத்தில், "உங்களைவிடத் தெரிஞ்சவங்க பக்கத்துல வந்துட்டா வீம்பு பிடிக்காம விலகி இடம் கொடுங்க. அதுதான் நோயாளிக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மேசையைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, "கேட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீயணைப்பு ஒத்திகை எனக்கு ஒரு வழி காட்டியது. முன்பெல்லாம் இத்தனை மணிக்கு மணி அடிக்கும் என்று சொல்லிவிட்டு அடிப்போம். கையில் டீயோடு, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி பேசிக்கொண்டே நடந்து வெளியே வருவார்கள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அடித்தேன். அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு தாத்தாவைக் குளியலறையிலேயே மறந்துவிட்டார்கள். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தபடி எல்லோரையும் திட்டித் தீர்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நிஜத் தீ இல்லையே. ஆனால் அதற்குப் பிறகு குளியலறையைப் பார்க்காமல் யாரும் வெளியேறியதில்லை. என் வகுப்புகள் சொல்லிக்கொடுக்காததை அந்த மணி சொல்லிக்கொடுத்தது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்தால் அது நாடகம் என்று அன்று எனக்குத் தெளிவாகப் பட்டது.

தொண்டை அடைப்புக்கு அப்படி ஒரு மணி கிடையாது. அதுதான் சிக்கல். பொம்மையை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது. ஆகவே ஆள் வேண்டியிருந்தது.

தையலம்மாவை நான் ஏனோதானோ என்று தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் காலத்தில் கடை வைத்துத் துணி தைத்தவர். பக்கவாதம் வந்து பேச்சு குழறிவிட்டது, ஆனால் பக்கத்தில் போகிற யாருடைய சட்டையையும் பிடித்து இழுத்துத் தையலைப் பார்க்காமல் விடமாட்டார். விழுங்குவதும் சிரமம். சாப்பாடு எல்லாம் அரைத்துக் கூழாகத்தான் போகும், தண்ணீரில்கூடப் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். தலைமாட்டில் அதற்கென்று சிவப்பு அட்டை மாட்டியிருக்கும். மற்றவர்களுக்கு மாலையில் பன் கொடுக்கும்போது அவர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்க்க மகன் எப்போதாவதுதான் வருவார். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் அதிகம் பேர் கலங்க வேண்டியிருக்காது என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. எல்லாப் பக்கமும் யோசித்தேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சளியை உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் வேலை செய்கிறதா என்று அன்று காலையிலேயே போட்டுப் பார்த்தேன். நர்ஸ் மாடியில் மருந்து கொடுக்கிற நேரமாகப் பார்த்துக்கொண்டேன். கூடத்தில் இருந்த இன்னொரு பணிப்பெண்ணிடம் போய் டீ குடித்துவிட்டு வரும்படி சொன்னேன். இப்போது கூடத்தில் எக்ஸ்பிரஸ் மட்டும் அந்தக் கோடியில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோர நாற்காலியில் தையலம்மா.

நான் பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தேன். ஊட்டவில்லை. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், நான் ஊட்டவில்லை. அவர் பன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் சட்டையின் கைப்பட்டியைத் தொட்டு, "கோணல்" என்றார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

முதலில் இருமினார். இருமினால் நல்லது, இருமவிட வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருமல் நின்றால்தான் ஆபத்து. நின்றது. நான் சுவரோரம் நகர்ந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எக்ஸ்பிரஸ் தலையைத் தூக்கினாள். துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். தையலம்மாவை முன்பக்கம் சாய்த்து, நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடித்தாள். பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பொம்மைமேல் ஒருநாளும் அவள் அவ்வளவு சரியாகச் செய்ததில்லை. அடுத்தது பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை அழுத்த வேண்டும். அதற்குக் கையைக் கொண்டுபோனவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

அவள் முகம் தெளிந்தது. "அப்பாடா, சார் இருக்கீங்களா. வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, தையலம்மாவைப் பிடித்த பிடி விடாமல் பக்கவாட்டில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

நான் நகரவில்லை. ஒத்திகையில் பயிற்சியாளர் கை வைத்துவிட்டால் அது ஒத்திகையே இல்லை. "நீ செய். நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்க" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "சார், மூச்சு விடல சார். நீங்க வாங்க" என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். மீதிப் பன் என் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை. தானே பின்னால் போய்க் கட்டிப்பிடித்து அழுத்தினாள், கத்தி ஆளைக் கூப்பிட்டாள். ஆனால் அதற்குள் தையலம்மாவின் உதடு நீலமாகிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து கீழே கிடத்தினார். இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்தது. பயனில்லை.

உயிருள்ள ஆள்மேல் நான் எப்போதாவது இதைச் செய்திருக்கிறேனா என்று சற்று முன்பு கேட்டீர்கள். மாப்பிள்ளைமேல் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. என் கை நடுங்கியது என்று எக்ஸ்பிரஸ் சொன்னதாகவும் சொன்னீர்கள். கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் யார் கையும் நடுங்கும்.

அதற்கு அடுத்த வாரம் அவசரமாக ஒரு வகுப்பு வைக்கச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் எல்லோரும் எனக்கு முன்பே வந்து அரைவட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போன் இல்லை. யாருக்கும் பாத்ரூம் வரவில்லை. பொம்மையை யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முதுகில் தட்டிப் பழகினார். நான் கேட்டதெல்லாம் இதுதான். எக்ஸ்பிரஸ் மட்டும் வரவில்லை, அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். பன்னைக் கொடுத்தது அவள்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நானும் அன்று எதுவும் சொல்லவில்லை, வகுப்பு அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது ஏன் வந்து சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதிய விசாரணை அறிக்கையின் நகலை மேனேஜர் நேற்று காட்டினார். பணிப்பெண்ணின் கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. அதன் கீழேயே, அவளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி போதுமானதாக இல்லை என்றும் எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன். பன்னைக் கொடுத்தது நான். நர்ஸ் இல்லாத நேரம் பார்த்தது நான். காப்பாற்றத் தெரிந்தும் நின்று பார்த்துக்கொண்டிருந்தது நான். தையலம்மாவைக் கொன்றது நான்தான் என்று எழுதினாலும் மறுக்க மாட்டேன், கையெழுத்துப் போடுகிறேன்.

பயிற்சி போதவில்லை என்ற அந்த இன்னொரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஏன் விலகினாய் என்று நீங்கள் கேட்டதற்கு எக்ஸ்பிரஸ் என்ன சொன்னாள் என்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள் இல்லையா. "தெரிஞ்சவங்க வந்துட்டா விலகி இடம் கொடுக்கணும்னு சார்தான் சொல்லிக்கொடுத்தாங்க." அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று அவள் தூங்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தியாவது என் வகுப்பைக் கேட்டிருக்கிறாள்.