ஊசி என்ற பட்டப்பெயர்

என் சமையலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை சார். நேற்று வீட்டைச் சோதனை போட வந்த உங்கள் ஆட்களில் ஒருவர், அடுப்பில் இருந்த சூப்பை மோந்து பார்த்துவிட்டு, "வாசனை ஆளைத் தூக்குதே" என்றார். பிறகு சர்க்கரை டப்பா மூடியை உப்பு டப்பாவுக்குப் போட்டுவிட்டுப் போனார். அதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

மருந்து ஊசி தேடினீர்கள். தலையணையைக் கிழித்தீர்கள். தம்பியின் சைக்கிளைக் கழற்றி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். கிடைக்கவில்லை. இன்னும் ஒரு மாதம் தேடினாலும் கிடைக்காது.

அவன் இருந்த சைக்கிள் பந்தயக் குழுவுக்கு நான்தான் சமையல். குழு வேன் எங்கே போனாலும் என் அடுப்பும் போகும். தம்பிக்கு அங்கே 'மாவுமூட்டை' என்று பெயர். சமதரையில் பறப்பான், மலை வந்தால் மற்றவர்கள் முதுகை எண்ணிக்கொண்டு வருவான். கோச் ஒரே போடாகப் போட்டார்: "அறுபது கிலோவைத் தொட்டா மலைப் பந்தயம். இல்லேன்னா அடுத்த வருஷம் குழுவுல இடமே இல்ல."

தம்பி அறுபத்து நாலில் மாட்டிக்கொண்டு நின்றான். துவைக்க எடுத்த அவன் பையில் ஒரு சின்ன பாட்டில் கிடைத்தது. கொழுப்பைக் கரைக்கிற ஊசி மருந்து.

"என்னடா இது?"

"எல்லாரும் போடறாங்கக்கா."

"எல்லாரும்னா? பேரச் சொல்லு, போய்க் கேக்கறேன்."

"இது இல்லாம முடியாதுக்கா. நீ வேணா மலை ஏறிப் பாரு."

"முடியும். நான் முடிய வைக்கிறேன்."

பாட்டிலை அவன் கண்ணெதிரே பாத்திரத் தொட்டியில் கவிழ்த்தேன். அழுதான். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். அவன் அழுகை எனக்குப் புதிதில்லை.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு எடை மெஷினை நம்ப மாட்டார்கள். சொந்த மெஷினைத் துணியில் சுற்றி ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவார்கள். உடம்பு பொய் சொல்லும், மெஷின் சொல்லாது என்பார்கள்.

தம்பியின் மெஷினுக்கு அடியில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால், ஐம்பது கிலோ வை என்று கேட்கும். வைத்ததை ஐம்பது என்று எடுத்துக்கொண்டு அதன்படி எடை காட்டும். நான் ஐம்பது கிலோ மாவு மூட்டையிலிருந்து கொஞ்சம் அள்ளி எடுத்துவிட்டு மேலே வைத்தேன். மெஷின் நம்பியது. மாவுமூட்டைக்கு மாவு மூட்டையாலேயே வைத்தியம். எனக்கே சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து அவன் எடை இருந்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. இன்னும் வியர்த்தான், இன்னும் குறைத்தான். ஒருநாள் அறுபதைத் தொட்டான். மலையில் ஜெயித்தான். ஒரு சொட்டு மருந்து இல்லாமல்.

அத்தோடு மெஷினைச் சரிசெய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த மலை இன்னும் செங்குத்து சார். இன்னும் கொஞ்சம் மாவை அள்ளிவிட்டு மறுபடி வைத்தேன்.

குழு டாக்டர் தன் மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எலும்பும் தோலுமா இருக்கே, இந்த வேகம் எங்கேருந்து வருது? என்ன போடறே?"

"சத்தியமா ஒண்ணுமில்ல டாக்டர். உங்க மெஷின்தான் தப்பு."

டாக்டர் சிரித்துவிட்டு, ஊக்கமருந்து போடுகிறான் என்று சந்தேகப்பட்டு உங்களுக்கு எழுதிப் போட்டார். அன்றே பட்டப்பெயர் மாறியது. 'ஊசி'. இளைத்ததற்கும் அதே பெயர், சந்தேகத்துக்கும் அதே பெயர். "ஊசி வருது, ஒதுங்குங்கப்பா, குத்திடும்" என்பார்கள். அவன் உட்கார்ந்தால் மேஜை காலியாகும்.

கடைசி வாரம் சமையலறைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒரு ரொட்டி குடேன். கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? மெஷின்ல ஏறிட்டு வந்து உக்காரு."

ஏறிவிட்டு வந்தான். வெண்ணெய் தடவி ரெண்டு ரொட்டி வைத்திருந்தேன். தட்டை அவனே தள்ளினான். என் கையால் ஒரு வேளைகூட அவனுக்குச் சோறு மறுத்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் மலை உச்சிக்கு ஒரு வளைவு முன்னால் சைக்கிளோடு சரிந்தான். இதயம் நின்றுவிட்டது. நாலாவதாகப் போய்க்கொண்டிருந்தான்.

இன்று உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மருந்து எதுவும் இல்லை. 'உங்க தம்பிமேல தப்பே இல்லம்மா' என்று நீங்களே தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள். எனக்கு அது போதும். ஊசி என்று கூப்பிட்டவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து அதை உரக்கப் படியுங்கள். என் தம்பி சுத்தம். அவனைச் சுத்தமாக வைத்திருந்தது நான். இதற்குக் கொலை என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மெஷின் வேனில் இருக்கிறது, என் அடுப்புக்குப் பக்கத்தில். கீழே போடாமல் எடுங்கள். காலையில் நானும் ஏறிப் பார்த்தேன். இந்த அலைச்சலிலும் எடை கூடியிருக்கிறது சார். நாளையிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும்.