ஃபேக்டரி மூடியதை மறந்தவர்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பேருந்தில் என் பின் சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இந்தக் காளான் மாத்திரையத் தின்னா, ஃபேக்டரிய மூடுனது அவருக்கு ஞாபகம் வந்துருமா?" என்று அக்கா கேட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சைத் தவிர எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

"மூளைக்கு நல்லதாமாக்கா. மாமாவுக்குன்னே கோயமுத்தூர்ல தேடி வாங்கியாந்தேன்."

"டாக்டரு இதையெல்லாம் நம்ப முடியாதுன்னுட்டாரு. தேயிலைக்கு வெலை இல்லாம ஃபேக்டரிய மூடுனப்ப அவரு சோறு திங்காம அழுதுட்டே கெடந்தாரு. இப்ப அத மறந்துட்டு, தெனமும் காலைல வேலைக்குக் கெளம்பறாரு. ஞாபகம் வந்தா மறுபடி அழுவாரே?"

"அதுக்குன்னு அப்படியே உட்டுருவியா?"



பூட்டிக் கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரியின் முன் பேருந்து நின்றது. எனக்கு முன் சீட்டிலிருந்த பெரியவர் பரபரப்பாக எழுந்தார்.

"எறங்கோணும். எலை வந்திருக்கும்."

"ஏனுங்க, இன்னைக்கு லீவுங்க. உக்காருங்க," என்றாள் அக்கா.

அவர் திரும்பி அவளை உற்றுப் பார்த்தார்.

"அப்படிங்களா? ரொம்ப நன்றிங்க. நீங்க எந்த ஊருங்கம்மா?"

பேருந்து கிளம்பியது. பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அந்த மாத்திரையக் குடு."