ஜன்னலோர மேசை

மதியச் சாப்பாட்டுக்கு நான் நான்கு துண்டு ரொட்டியும் பழுப்புச் சீஸும் கொண்டுபோவேன். இருபத்திரண்டு வருடமாக அதே டப்பா. சிம்பொனி இசைக்குழுவின் சாப்பாட்டு அறையில் ஜன்னலோர மேசை என்னுடையது. நாற்காலி நான்கு, உட்கார்வது நான் ஒருவன்.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. இரண்டாம் வயலின்களில் கடைசி வரிசை, உள்பக்க இருக்கை. பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து இசைக்குறிப்புத் தாள் புரட்டுவது என் வேலை. தாள் புரட்டுகிறவனிடம் பேச என்ன இருக்கிறது?

வியாழக்கிழமைகளில் கதையே வேறு. மலைப்பக்கத்து நடனக் கூடத்தில் எங்கள் நாட்டுப்புற இசைக்குழு கூடும். நான் நுழைந்ததும் அக்கார்டியன் வாசிக்கும் யூஸ்டைன், “வித்வான் வந்துட்டாருப்பா, எந்திரிச்சு நில்லுங்க!” என்பான். கண்டக்டர் என்னிடம் யோசனை கேட்கிறார், மதியம் என் மேசையில் இடம் பிடிக்க ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் நான் அங்கே அளந்துவைத்திருந்தேன். அத்தனையையும் நம்பியவள் ஓஸ்னே. அவள் எங்கள் நாட்டுப்புற வயலினான ஹார்டாங்கர் பிடிலை எடுத்தால் கூடமே எழுந்து ஆடும்.

“ஓட்வார், உங்க ஆர்கெஸ்ட்ராவுக்கு நானும் மனு போடப்போறேன்,” என்றாள் ஒருநாள். “உன் மேசையில எனக்கு ஒரு நாற்காலி பிடிச்சு வை.”

“அதுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லணும்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். தனியாகச் சாப்பிடுவது பழகிவிட்டது. அதை அவள் பார்ப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் வாசிப்பவர் திரைக்குப் பின்னால் நிற்பார். வயலின்காரர்களான நாங்களே நடுவர்கள். காலடியை வைத்துக்கூட ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாதென்று கம்பளம் விரிப்போம். ஆனால் நடனத்துக்கு வாசித்தவர்களின் குதிகால் சும்மா இருக்காது. கம்பளத்தின் மேல் மெல்ல விழுந்த ஓஸ்னேயின் தாளம் நடுவர்களில் எனக்கு மட்டும் புரிந்தது. ‘சுருதி நிற்கவில்லை’ என்று எழுதினேன். ஒரே ஓட்டில் தவறினாள். அடுத்த வருடமும் அப்படியே. இரண்டு தடவையும் அவளைத் தேற்றியவன் நான்தான். அதில் நடிப்பு இல்லை.

மூன்றாம் வருடம் குதிகால் சத்தமே கேட்கவில்லை. யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து நானே முதலில் கையைத் தூக்கினேன். திரையை விலக்கினார்கள். வெறும் காலுறையோடு ஓஸ்னே நின்றாள்.

“ஆறு மாசம் ரெண்டு காலையும் துண்டால கட்டிப்போட்டு வாசிச்சேன், ஓட்வார்,” என்றாள் வெளியே வந்ததும். “ஒண்ணாந்தேதி என் நாற்காலி தயாரா இருக்கணும், சொல்லிட்டேன்.”

அவளை வீட்டில் விடுவதாகக் காருக்கு அழைத்துப்போனேன். சனிக்கிழமை, நல்ல வெயில். பின்னிருக்கையில் பிடில் பெட்டியை வைக்கக் குனிந்தவள், இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்த தூணை இடது கையால் பிடித்திருந்தாள். நான் முன்கதவைச் சாத்தினேன்.

எங்கள் நார்வேக் கரையில் காற்று கார்க் கதவைப் பறித்து அறையும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓஸ்னே இன்னும் காற்று என்றே சொல்கிறாள். ஆஸ்பத்திரி போகும்வரை என் தோளில் சாய்ந்திருந்தாள். விரல்கள் இரண்டிரண்டு இடத்தில் ஒடிந்திருப்பதால், காற்று எப்படி இரண்டு தடவை அறையும் என்று நீங்கள் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். நியாயமான கேள்வி. அன்று காற்றே இல்லை. முதல் தடவை கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. அவள் கையை எடுப்பதற்குள் திறந்து மறுபடி சாத்தினேன்.

அந்த விரல்கள் இனி பிடிலுக்கு மடங்காது என்கிறார்கள். வியாழக்கிழமைகளில் அவள் கூடத்துக்கு வந்து சுவரோரம் உட்கார்கிறாள். அவள் குதிகால் இப்போது அசைவதில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் நல்லவர்கள். முதல் வயலின்காரர்கள்கூட என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஓட்வார், அவங்க கை எப்படி இருக்குப்பா?” என்று கேட்கிறார்கள். நான் உடனே சொல்லிவிடுவதில்லை. முதலில் ரொட்டியை நீட்டுகிறேன். இப்போதெல்லாம் எட்டுத் துண்டு கொண்டுபோகிறேன்.

இங்கே இன்னும் நேரமாகுமா? பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மேசையில் எனக்காகக் காத்திருப்பார்கள்.